நிறத்தைக் கூட்டத் தெரியாத கணனி

எமது வியாபாரிகளுள் பெரும்பாலானோர் கடன் கணக்கைக் கொப்பியிலிருந்து கணனிக்கு மாற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் உள்ள மொத்த விற்பனைக் கடையாக இருந்தாலும் சரி, காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்குறணையிலோ உள்ள கடையாக இருந்தாலும் சரி, காசாளர் மேசையில் ஒரு கணனி இருக்கிறது. அதற்குள் மைக்ரோசொப்ட் எக்செல் இருக்கிறது. அதற்குள் காசோலைகளின் பட்டியல் இருக்கிறது. ஆனால் கணனிக்குப் பக்கத்தில் இன்னமும் ஒரு கல்குலேட்டரும் இருக்கிறது. இலட்சக்கணக்கான கூட்டல்களை ஒரு நொடியில் செய்யும் இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளை ஏன் திரையைப் பார்த்துப் பார்த்துக் கல்குலேட்டரைத் தட்டுகிறார் என்று முதலாளிமார் கேட்பதில்லை. கேட்டால் விடை ஒரே சொல்லில் வரும்: நிறம்.

அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பச்சை பூசியிருந்தால் காசோலை காசாகிவிட்டது. மஞ்சள் என்றால் வங்கியில் போட்டாயிற்று, இன்னும் காசாகவில்லை. சிவப்பு என்றால் திரும்பிவிட்டது. நிறமே இல்லையென்றால் திகதி வரும்வரை லாச்சிக்குள் கிடக்கிறது. பார்வைக்கு நல்ல முறைதான். கொப்பிக் காலத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்த பழக்கத்தின் தொடர்ச்சி இது. குறை சொல்ல எதுவும் இல்லை, மஞ்சள்களின் மொத்தம் எவ்வளவு என்று முதலாளி கேட்கும்வரை.

கொப்பியில் சிவப்பைப் பார்த்ததும் அதைக் கூட்டியதும் ஒரே ஆள். கணனியில் அப்படியல்ல. நிறத்தைப் பார்ப்பவர் மனிதர், கூட்டுவது எக்செல். அந்த எக்செல்லின் சூத்திரங்களுக்கு நிறம் தெரியாது. ஒரு கலத்துக்குள் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் திகதியையும்தான் சூத்திரம் வாசிக்கும். மேலே பூசிய வர்ணம் சட்டையைப் போன்றது. சட்டையைக் கழற்றினாலும் மாற்றினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. "இந்தக் கலம் என்ன நிறம்" என்று கேட்டு விடை பெறக்கூடிய சாதாரண சூத்திரம் எதுவும் எக்செல்லில் கிடையாது. 'செல்' என்ற பெயரில் ஒரு கட்டளை உண்டு. அதற்குள் 'கலர்' என்ற சொல்லையும் கொடுக்கலாம். அதைக் கண்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மறை எண்களை வேறு நிறத்தில் காட்டும்படி அந்தக் கலம் அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மாத்திரமே அது சொல்லும். நாம் பூசிய மஞ்சளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு துணி மொத்த வியாபாரியின் பட்டியலில் 38 இலட்சம் ரூபாவுக்குக் காசோலைகள் எழுதப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். பச்சை 17 இலட்சத்து 50 ஆயிரம். சிவப்பு 6 இலட்சத்து 50 ஆயிரம். மஞ்சள் 4 இலட்சத்து 25 ஆயிரம். நிறமில்லாதவை 9 இலட்சத்து 75 ஆயிரம். பட்டியலின் அடியில் எக்செல் போட்டுக்கொடுக்கும் மொத்தம் 38 இலட்சம். இனிமேல் வரக்கூடியதாக நம்பத்தக்க தொகையோ 14 இலட்சம் மட்டுமே. பச்சை ஏற்கெனவே வந்து செலவாகியும் விட்டது. சிவப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெருநாள் சீசனுக்குச் சரக்கு எடுக்கும் அவசரத்தில் அடியில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு, அல்லது கணக்கப்பிள்ளை கல்குலேட்டரில் இரண்டு நிரைகளைத் தவறவிட்டுச் சொன்ன தொகையை நம்பி, இறக்குமதியாளருக்கு 20 இலட்சத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? திரும்புவது எங்கள் காசோலை.

முன்பெல்லாம் வெளியூர்க் காசோலை வங்கிகளுக்கிடையே சுற்றி வர நாட்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் ஓடித்திரிந்து காசைப் புரட்டிக் கட்டிவிடலாம். 2006 ஆம் ஆண்டு லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் பிம்பத்தைக் கொண்டே தீர்வை செய்யும் முறையைக் கொண்டு வந்ததிலிருந்து அந்த அவகாசம் போய்விட்டது. இன்று போட்ட காசோலை மறு வேலைநாளே எமது கணக்கைத் தட்டுகிறது. கடைத்தெருவில் ஒருவருடைய காசோலை திரும்பிவிட்டது என்ற செய்தி அதைவிட வேகமாகப் பரவும். அதன் பின்னர் அந்த மனிதருக்குக் கடனுக்குச் சரக்குத் தர ஆளில்லை. ஆகவே மஞ்சள்களின் மொத்தம் என்பது சின்ன விடயமல்ல.

இதற்குத் தீர்வாக எமது கடைகளுக்கு வரும் கணனித் தம்பிமார் சொல்வது ஒன்று உண்டு. "முதலாளி, ஒரு மெக்ரோ எழுதித் தருகிறேன், நிறத்தைப் பார்த்துக் கூட்டும்" என்பார்கள். பொய்யில்லை. எக்செல்லுக்குள் இருக்கும் விஷுவல் பேசிக் மொழியில் பத்து வரிகளுக்குள் அதை எழுதிவிடலாம். கலத்தின் உட்புற நிறத்தை அந்த மொழி வாசிக்கும். இதைவிடப் பழைய கைவைத்தியம் ஒன்றும் இருக்கிறது. 1992 இல் வந்த எக்செல் 4 காலத்து மெக்ரோக் கட்டளையான 'கெட் செல்' என்பதை ஒரு பெயருக்குள் ஒளித்து வைத்து, 38 என்ற எண்ணைக் கொடுத்தால் நிறத்தின் இலக்கம் வரும். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் இவை இரண்டையும் காசு சம்பந்தப்பட்ட பட்டியலில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முதற் காரணம் மிகவும் ஆபத்தானது. ஒரு கலத்தின் எண்ணை மாற்றினால் எக்செல் உடனே எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடும். நிறத்தை மாற்றினால் கணக்கிடாது. அதன் பார்வையில் நிற மாற்றம் ஒரு மாற்றமே அல்ல. காலையில் ஐந்து காசோலைகளை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றினாலும் மெக்ரோ காட்டும் மஞ்சள் மொத்தம் நேற்றையதாகவே நிற்கும். எஃப் 9 விசையை அழுத்த வேண்டும்; மெக்ரோவை எழுதியவர் அதற்கேற்ப எழுதியிருக்காவிட்டால் எஃப் 9 உம் போதாது. பிழையான சூத்திரம் சிவப்பு எழுத்தில் கத்தினால் யாரும் கவனிப்பார்கள். நேற்றைய மொத்தம் இன்றைய மொத்தத்தைப் போலவே அமைதியாக நிற்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெக்ரோ உள்ள கோப்பைச் சாதாரணக் கோப்பாகச் சேமித்தால் மெக்ரோ போய்விடும். கைத்தொலைபேசியில் உள்ள எக்செல்லில் அது இயங்காது. பல முதலாளிமார் இன்று பட்டியலைப் பார்ப்பதே தொலைபேசியில்தான். மின்னஞ்சலில் கணக்காளருக்கு அனுப்பினால் அங்கும் சிக்கல். வைரஸ்களைப் பரப்புவோர் மெக்ரோக்களைப் பயன்படுத்தியதால், இணையம் வழியாக வரும் கோப்புகளின் மெக்ரோக்களை மைக்ரோசொப்ட் 2022 இலிருந்து தானாகவே தடுத்து வைக்கிறது. எக்செல் 4 காலத்துப் பழைய மெக்ரோக்களும் அதே ஆண்டில் வழமையாகவே நிறுத்தி வைக்கப்பட்டன. அத்தோடு, மெக்ரோவை எழுதிய தம்பி அடுத்த வருடம் கட்டாரில் இருப்பார்.

மெக்ரோ இல்லாமல் நிறத்தைக் கையாளும் ஒரு நேர்மையான வழியை எக்செல் தந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2007 பதிப்பிலிருந்து, பில்டர் போடும்போது நிறத்தின்படி வடிகட்டலாம். மஞ்சளைத் தெரிவுசெய்தால் மஞ்சள் நிரைகள் மட்டும் திரையில் நிற்கும். அப்போது தொகை நிரலைத் தெரிவுசெய்தால் திரையின் அடியில் மொத்தம் தெரியும். நிரந்தரமாக ஒரு மொத்தம் வேண்டுமானால் 'சம்' கட்டளையைப் போடாதீர்கள். அது மறைந்திருக்கும் நிரைகளையும் சேர்த்தே கூட்டிவிடும். 'சப்டோட்டல்' என்ற கட்டளைக்கு 109 என்ற எண்ணைக் கொடுத்துப் போட்டால் திரையில் நிற்பவற்றை மட்டும் கூட்டும். அவசரத்துக்கு இது போதும், கல்குலேட்டரைவிட நூறு மடங்கு நல்லது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் பார்க்கலாம். மேலும், 2007 க்கு முந்திய பதிப்புகளில் ஒரு கோப்புக்கு 56 நிறங்களே இருந்தன. இப்போது ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேல். கணக்கப்பிள்ளை பூசிய மஞ்சளும், அவர் லீவில் இருந்த நாளில் மற்றப் பையன் பூசிய இளமஞ்சளும் எமது கண்ணுக்கு ஒன்றுதான். எக்செல்லுக்கு அவை இரண்டு. அந்த இளமஞ்சள் காசோலை மொத்தத்தில் சேராது.

இதற்கெல்லாம் காரணம் எக்செல்லின் குறைபாடு என்று பலர் திட்டுகிறார்கள். நிறத்தைக் கூட்டும் ஒரு கட்டளையை மைக்ரோசொப்ட் தந்திருக்கக்கூடாதா என்கிறார்கள். தராதது நல்லது என்பதே எனது கருத்து. ஏனெனில் பிரச்சினை கூட்டலில் இல்லை. காசோலை திரும்பியது என்ற செய்தி பட்டியலில் எங்குமே எழுதப்படவில்லை என்பதுதான் பிரச்சினை. அந்தச் செய்தி கணக்கப்பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வெறும் சிவப்பு. அவர் வேலையை விட்டுப் போனால், செம்மஞ்சள் என்றால் என்ன, நீலம் என்றால் என்ன என்று சொல்ல ஆளில்லை. பட்டியலைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கணக்காளருக்குக் கொடுத்தால் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகும். தொகைகளை மட்டும் பிரதி செய்து வேறு கோப்பில் ஒட்டினாலோ, கணக்கியல் மென்பொருளுக்காகக் காற்புள்ளியிட்ட கோப்பாக மாற்றினாலோ, நிறம் முழுவதும் பறந்துவிடும். ஆண்களுள் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் காசாளர் மேசையிலும் இருக்கக்கூடும். அவர் வெட்கத்தில் சொல்ல மாட்டார்.

எனவே செய்ய வேண்டியது, தொகை நிரலுக்குப் பக்கத்தில் 'நிலை' என்று ஒரு நிரலைச் சேர்ப்பது. அதில் நான்கு சொற்கள்: கையில், வைப்பு, காசாயிற்று, திரும்பியது. ஆளுக்கொரு விதமாக எழுத இடம் கொடுக்கக் கூடாது. 'டேட்டா வெலிடேஷன்' என்ற வசதியால் அந்த நான்கு சொற்களையும் ஒரு சிறு பட்டியலாக வைத்துவிட்டால், சொடுக்கித் தெரிவுசெய்வதைத் தவிர வேறெதையும் எழுத எக்செல் விடாது. இது முக்கியம். சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் கூடுதலாக விழுந்தாலும் எக்செல்லுக்கு அது வேறு சொல்.

இனி மொத்தத்துக்கு 'சம்இஃப்' என்ற கட்டளை போதும். அதற்கு மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்: எந்த நிரலில் பார்ப்பது, எந்தச் சொல்லைத் தேடுவது, எந்த நிரலைக் கூட்டுவது. நிலை நிரலில் 'வைப்பு' என்று இருப்பவற்றின் தொகையைக் கூட்டு என்றால் மஞ்சள் மொத்தம் வந்துவிடும், நிலையை மாற்றிய அதே கணத்தில் தானும் மாறும். நான்கு சொற்களுக்கு நான்கு கலங்கள். எமது உதாரணத்தில் 17.5, 6.5, 4.25, 9.75 இலட்சம் என்று நான்கும் மேலே நிற்கும். நான்கையும் கூட்டினால் 38 வருகிறதா என்று சரிபார்க்கவும் முடியும். வராவிட்டால் ஏதோ ஒரு நிரையில் நிலை எழுதப்படவில்லை என்று அர்த்தம். நிறத்தில் இந்தச் சோதனையே கிடையாது. 2007 இல் வந்த 'சம்இஃப்ஸ்' கட்டளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகளைக் கொடுக்கலாம்: ஒரு வாடிக்கையாளரின் பெயர், திரும்பியது என்ற நிலை, இரண்டும் பொருந்துபவை மட்டும். அவர் மீண்டும் கடனுக்குச் சரக்குக் கேட்டு வந்து நிற்கும்போது இந்த ஓர் எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். திரும்பிய காசோலையை மீண்டும் வங்கியில் போடும்போது கணக்கப்பிள்ளை சிவப்பை அழித்து மஞ்சள் பூசுகிறார். அது காசானதும் பச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வாடிக்கையாளர் தங்கமான மனிதர். அவருடைய காசோலைகள் மூன்று முறை திரும்பியதற்குப் பட்டியலில் எந்தத் தடயமும் இல்லை. 'எத்தனை தடவை திரும்பியது' என்று ஒரு நிரலை வைத்து எண்ணைக் கூட்டிக்கொண்டு போனால், கடன் கொடுப்பதா இல்லையா என்ற கேள்விக்கு மனிதரின் சிரிப்பைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்து விடை சொல்லலாம்.

நிறமே வேண்டாமா என்றால், வேண்டும். கண் ஓடும் வேகத்துக்கு நிறம்தான் நல்லது. ஆனால் அதைக் கையால் பூசாதீர்கள். எக்செல்லைப் பூச விடுங்கள். 'கொண்டிஷனல் போமட்டிங்' என்ற இந்த வசதி எக்செல் 97 இலிருந்தே இருக்கிறது. நிலை நிரலில் 'திரும்பியது' என்று வந்தால் முழு நிரையையும் சிவப்பாக்கு என்று ஒரு தடவை விதி எழுதிவிட்டால் போதும். சொல் மாறும்போது நிறம் தானாக மாறும். இளமஞ்சள் பிரச்சினை வராது.

இதில் கையால் பூசும் முறை ஒருபோதும் தர முடியாத ஒரு நன்மையும் உண்டு. கையால் பூசிய வர்ணத்துக்கு நாட்காட்டி தெரியாது. போன வாரம் தவணை தூரமாக இருந்த காசோலை இந்த வாரம் நெருங்கிவிட்டது. நிறமோ போன வாரத்தது. விதிக்கு 'டுடே' என்ற கட்டளையால் இன்றைய திகதியைக் காட்டலாம். நிலை 'கையில்' என்றும் காசோலைத் திகதி இன்னும் ஏழு நாட்களுக்குள் என்றும் இருந்தால் மஞ்சள். திகதி கடந்தும் இன்னும் லாச்சிக்குள் கிடந்தால் சிவப்பு. காலையில் கோப்பைத் திறந்ததும், இன்று வங்கிக்குப் போக வேண்டியவை தாமாகவே நிறம் மாறி நிற்கும். லாச்சிக்குள் மறந்து கிடந்து, ஆறு மாதம் கடந்ததால் வங்கி ஏற்காமல் போகும் காசோலை இனி இருக்காது. அதே முறையில், நாங்கள் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த காசோலைகளுக்கும் ஒரு பட்டியல் வைத்தால், இந்த வாரம் எமது கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்குத் திகதிகள் ஒழுங்காக இருக்க வேண்டும். எமது நாட்டில் விற்கப்படும் கணனிகள் பலவற்றில் அமெரிக்க முறைத் திகதி அமைப்பு மாற்றப்படாமலே கிடக்கிறது. அதில் 05/08 என்று ஓகஸ்ட் 5 ஐ எழுதினால் எக்செல் அதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 13/08 என்று எழுதினால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதைத் திகதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களும் பிழை, மிகுதி நாட்கள் கணக்கிலேயே இல்லை. கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் திகதிகளைக் கண்டால் சந்தேகப்படுங்கள். உண்மையான திகதி வழமையாக வலப்பக்கம் ஒதுங்கும். விண்டோஸின் பிராந்திய அமைப்பை நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்குக்கு மாற்றிய பின்னரே புதிய பட்டியலை ஆரம்பிக்க வேண்டும்.

"பையனுக்கு இதெல்லாம் ஏறாது, வர்ணம் பூசத்தான் தெரியும்" என்று சொல்லும் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. வர்ணத்தைத் தெரிவுசெய்ய இரண்டு சொடுக்கு. பட்டியலில் ஒரு சொல்லைத் தெரிவுசெய்யவும் இரண்டு சொடுக்குத்தான். பழுது பையனிடம் இல்லை. மூன்று மாதக் கணனி வகுப்புகள் பலவற்றில் முதல் நாளே வர்ணப் பெட்டியைக் காட்டுகிறார்கள். 'சம்இஃப்' கடைசி வாரத்தில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும்போது பாடத்திட்டத்தைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஏற்கெனவே வர்ணம் பூசி நிறைந்துபோன பட்டியல் உள்ளவர்கள் பயப்படத் தேவையில்லை. ஒரு மாலை நேர வேலைதான். நிலை நிரலைச் சேருங்கள். நிறத்தின்படி வடிகட்டி மஞ்சளை மட்டும் நிறுத்துங்கள். முதல் நிரையில் 'வைப்பு' என்று எழுதிக் கீழ்வரை இழுங்கள். மறைந்திருக்கும் நிரைகளை அது தொடாது. பச்சைக்கும் சிவப்புக்கும் அப்படியே. வடிகட்டும் பட்டியலில் ஒரே நிறத்தின் இரண்டு சாயல்கள் தென்பட்டால் இரண்டையும் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் கையால் பூசிய வர்ணங்களை முற்றாக நீக்கிவிட்டு விதிகளை எழுதுங்கள். வேலையை ஆரம்பிக்கும் முன்னர் பழைய கோப்பின் பிரதியொன்றை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் செய்தால் வங்கிக் கூற்று கையில் இருக்கும். பச்சை என்று பூசப்பட்டவை எல்லாம் உண்மையிலேயே காசானவைதானா என்று அதோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.